கடைசி வெட்டுக்கு முன் கேளுங்கள்: முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பின்னூட்டம் பற்றிச் சில படிகள்

வடசென்னை வியாசர்பாடியில், இரும்பைச் சுழற்றிக் கடையும் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரே காலைப்பொழுதில் பன்னிரண்டு ஷாஃப்டுகளை, அதாவது உருளையான இரும்புத் தண்டுகளை, வீணாக்கினேன். விட்டம் 25 மி.மீ. இருக்க வேண்டும். கடைசி வெட்டுக்கு முன் அளந்தபோது 25.20 இருந்தது. 0.20 குறைய வேண்டும் என்று கைப்பிடியை 0.20 திருப்பினேன். அந்த இயந்திரத்தின் டயலில் வெட்டும் டூல் உள்ளே போகும் தூரம்தான் தெரியும். ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் அதே அளவு தேயும், விட்டம் அதைப்போல இரு மடங்கு குறையும். 24.80 ஆகிவிட்டது. டயலை நம்பி, திரும்ப அளக்காமல், அடுத்ததை மாட்டினேன். அதுவும் 24.80. மேஸ்திரி இரும்பு வாங்கச் செம்புதாஸ் தெருவுக்குப் போயிருந்தார். மதியம் வந்து மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பார்த்தவர் திட்டக்கூட இல்லை. "முதல் ஷாஃப்டை முடித்ததும் அளந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும்" என்றார்.

கை தவறு செய்யத்தான் செய்யும், அதுவும் மூன்றாவது வாரத்தில். ஒன்றோடு நிற்க வேண்டியது பன்னிரண்டாகப் பெருகியதற்குக் காரணம், கை செய்ததைப் பற்றிய செய்தி கைக்குத் திரும்பி வராததுதான். அப்படித் திரும்பி வரும் செய்திக்குப் பின்னூட்டம் என்று பெயர். அலுவலகங்களில் ஃபீட்பேக் என்பார்கள். பட்டறையில் அதற்குத் தனிப் பெயரே கிடையாது. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்பதோடு சரி. லேத்தோ, தையலோ, துணிக்கடையோ, கணக்கு எழுதும் வேலையோ, முதல் முறையாகச் சம்பளத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எது பின்னூட்டம், எது இல்லை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்கால ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு கூடை சங்கரா நேற்றைவிடக் குறைந்த விலைக்குப் போகிறது. ஐஸ் போதவில்லையா, மீன் அடியில் நசுங்கியதா, அன்றைக்கு எல்லாப் படகிலும் சங்கராவே வந்து குவிந்ததா என்பதை அந்த விலை சொல்லாது. வாங்க வந்த அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, "வெளுத்திருக்கிறதே, அடியில் ஐஸ் போடவில்லையா?" என்று கேட்டால்தான் அடுத்த நடையில் ஐஸை எங்கே போட வேண்டும் என்று படகுக்காரருக்குத் தெரியும். மார்க், சம்பள உயர்வு, ஐந்து நட்சத்திரம், "அருமை", "மோசம்" எல்லாமே ஏல விலை போன்றவைதான். செவுளைத் தூக்கிக் காட்டினால்தான் அது பின்னூட்டம்.

1983இல் ராமபிரசாத் என்ற மேலாண்மை ஆய்வாளர் இதை இன்னும் கறாராகச் சொன்னார். இருக்க வேண்டிய அளவுக்கும் இருக்கிற அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிய தகவல், அந்த இடைவெளியை மாற்றப் பயன்பட்டால் மட்டுமே பின்னூட்டம். பயன்படாமல் குறிப்பேட்டில் தூங்கினால் வெறும் தகவல். ஆக, ஒருவர் சொன்னது பின்னூட்டமா இல்லையா என்பதில் பாதி சொன்னவர் கையில் இருக்கிறது, பாதி உங்கள் கையில் இருக்கிறது.

சொல்லே இயந்திரங்களிடமிருந்து மனிதர்களுக்கு வந்ததுதான். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலெழும், நீராவி வரும் வழி குறுகும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும், வழி திறக்கும். உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து வால்வு செய்வதும் இதையேதான். 1927இல் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் படகில் வேலைக்குப் போகும்போது, கையில் இருந்த செய்தித்தாளின் மேலேயே ஒரு வரைபடம் கிறுக்கினார். தொலைபேசிக் குரலைப் பெரிதாக்கும் கருவியிலிருந்து வெளிவருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால் இரைச்சலும் திரிபும் அடங்கும் என்பது அதில் இருந்த யோசனை.

தடுத்து நிதானப்படுத்தும் இந்த வகையைப் பொறியியலில் எதிர்மறைப் பின்னூட்டம் என்பார்கள். நேர்மறைப் பின்னூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், தெருமுனைக் கூட்டத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளியே போன சத்தம் உள்ளே வந்து, பெருகி, மறுபடி வெளியே போய், கடைசியில் "கீ" என்று காதைக் கிழிக்கும். வாழ்க்கையில் நாம் இந்த இரண்டு சொற்களையும் பாராட்டு, குறை என்று மாற்றிப் புழங்குகிறோம். ஆனால், செய்தது எல்லாவற்றுக்கும் கைதட்டு மட்டுமே கிடைக்கும் இடத்தில் கொஞ்ச நாளில் அந்த மைக் சத்தம்தான் கேட்கும் என்பது என் அனுபவம்.

படி 1: டிராயிங்கைக் கேட்டு வாங்குங்கள்

மைக்ரோமீட்டர் 24.80 காட்டுகிறது. டிராயிங்கில், அதாவது அளவுகள் குறித்த வரைபடத்தில், 25 என்று போட்டிருப்பதால்தான் அது தவறு. டிராயிங் இல்லாவிட்டால் 24.80 ஒரு எண், அவ்வளவே.

பல வேலைகளில் டிராயிங்கைக் கையில் தர மாட்டார்கள். "வாடிக்கையாளரிடம் நன்றாகப் பேசு", "சுறுசுறுப்பாக இரு" என்பார்கள். எத்தனை மி.மீ. சுறுசுறுப்பு? முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "அண்ணா, இந்த வேலையை இங்கே நன்றாகச் செய்பவர் யார்? ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?" அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள் டிராயிங்.

படி 2: கடைசி வெட்டுக்கு முன் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லேத்தில் முதலில் முரட்டு வெட்டுகளாகப் போட்டு, கடைசிக்கு 0.20 அல்லது 0.30 மி.மீ. மீதி வைப்பார்கள். அங்கே இயந்திரத்தை நிறுத்தி அளப்பார்கள். தடிமனாக இருந்தால் இன்னொரு வெட்டு போடலாம். மெலிந்துவிட்டால் போட்டது போட்டதுதான். வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி கடைவதற்குப் புதுத் துண்டே மலிவு. கையில் இன்னும் இரும்பு மீதி இருக்கும்போது கேட்டால்தான் பதிலுக்குப் பயன் உண்டு.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்து, பக்கத்துச் சந்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால், தைத்து வந்ததை உட்புறம் திருப்பிப் பாருங்கள். கைதேர்ந்த தையல்கார அக்கா பக்கத் தையலுக்கு உள்ளே துணி விட்டு, அதில் வரிசையாக இரண்டு மூன்று தையல் போட்டிருப்பார். போட்டுப் பார்த்து இறுக்கமாக இருந்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். உங்கள் உடம்பு என்ன சொல்லும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது. சொன்னால் கேட்பதற்கு இடம் வைத்திருக்கிறார். துணியை ஒட்ட வெட்டிவிட்டு "எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் பாராட்டைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார்.

உங்கள் வேலையில் அப்படி உள்ளே விட்ட துணி எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஐம்பது பில்களைக் கணினியில் ஏற்ற வேண்டுமானால் மூன்றாவதை முடித்ததும் எழுந்து போய்க் காட்டுங்கள். கடையில் அலமாரி அடுக்கச் சொன்னால் முதல் தட்டோடு நிறுத்துங்கள். "இதற்குள் வந்துவிட்டாயா?" என்று சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். ஐம்பதையும் முடித்துவிட்டுப் போய் நின்றால் கேட்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

படி 3: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"எப்படி இருக்கிறது?" என்றால் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். நம் ஊரில் அது மரியாதைக்கான பதில். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்வோமே, அதே பதில். கேட்பவர் முகம் வாடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான், ஆனால் உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

குறுகலான கேள்வியாகக் கேளுங்கள். "சார், இந்தக் கணக்கில் நீங்கள் இரண்டு முறை படித்த வரி எது?" "அக்கா, அந்த அம்மாவிடம் நான் விலையைச் சீக்கிரம் சொல்லிவிட்டேனா, தாமதமாகச் சொன்னேனா?" "மேஸ்திரி, இதில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" மூன்றாவது கேள்வி என் கையிருப்பு, இருபது ஆண்டுகளாக உதவுகிறது. குறை சொல்லக் கூச்சப்படுபவர்கூட "ஒன்றை மட்டும்" என்றால் சொல்லிவிடுவார். குறை சொல்வதாக இல்லாமல் யோசனை சொல்வதாக அவருக்குத் தோன்றும்.

படி 4: சத்தத்தைக் கழித்துக் கேளுங்கள், ஆறவிட்டு அளங்கள்

வடசென்னையில் புதிதாக வேலைக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே குரல் பெரிது. ஏலத்தில் விலை கேட்பதே சண்டை போலத்தான் ஒலிக்கும். "கண் எங்கே வைத்திருக்கிறாய்? தையல் அரை அங்குலம் விலகியிருக்கிறது!" என்றால், முதல் வாக்கியம் உமி, இரண்டாவது அரிசி. உமியை ஊதிவிட்டு அரிசியை எழுதிவையுங்கள். எழுதுவது முக்கியம், எழுதும்போது கை வேலை செய்வதால் வாய் பதில் பேசாது. "இல்லை, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால்..." என்று ஆரம்பித்தால் சொல்பவர் அதோடு நிறுத்திக்கொள்வார். விளக்கம் கொடுத்து ஜெயித்துவிடலாம், ஆனால் தையல் விலகியபடியே இருக்கும்.

புரியாவிட்டால் எடுத்துக்காட்டுக் கேளுங்கள்: "எந்த இடத்தில் என்று ஒரு முறை காட்டுகிறீர்களா?" காட்ட முடியாத குறையை இப்போதைக்கு ஓரமாக வைக்கலாம்.

இன்னொன்று. கடைந்து முடித்த உடனே ஷாஃப்ட் சூடாக இருக்கும். 25 மி.மீ. எஃகு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.012 மி.மீ. பருத்துவிடும். 0.02 மி.மீ. வித்தியாசத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையில் பாதிக்கும் மேல் இதிலேயே போய்விடும். சூட்டோடு அளந்து "சரியாக இருக்கிறது" என்று கழற்றி வைத்தால், ஆறியதும் மெலிந்து நிற்கும். திட்டு வாங்கிய கையோடு "எனக்கு இந்த வேலையே வராது" என்று முடிவு கட்டுவதும் சூட்டில் அளப்பதுதான். கேட்கும்போது எழுதுங்கள், எடை போடுவதை டீ குடித்துவிட்டு வந்து செய்யுங்கள்.

படி 5: எல்லோர் பேச்சையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்

சந்தில் கேரம் போர்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். பத்துப் பேரும் பத்து யோசனை சொல்வார்கள். காய் விழவில்லை என்பதைப் போர்டே உடனே சொல்லிவிடும், அதற்கு ஆள் தேவையில்லை. ஏன் விழவில்லை என்று சொல்ல, உங்கள் விரலையும் முழங்கையையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போய், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா வளர்ந்ததும் இப்படிப் போர்டுகள் நிறைந்த பகுதியில்தான். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வேலை தெரிந்தவரா, நீங்கள் செய்ததை நேரில் பார்த்தவரா என்று இரண்டே கேள்வி கேட்டு வடிகட்டுங்கள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் மட்டும் வடிகட்டாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாற்றியதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் நேரம் செலவழித்துச் சொல்கிறார், நீங்கள் தலையாட்டுகிறீர்கள், மாற்றியும்விடுகிறீர்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை "இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று சும்மா இருந்துவிடுவார். "நேற்று நீங்கள் சொன்னபடி மாற்றினேன், பாருங்கள்" என்று ஒரு நிமிடம் காட்டினால் போதும். அவர் சொன்னதை ஏற்கவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள்: "செய்து பார்த்தேன் அண்ணா, எனக்கு இன்னும் தாமதமாகிறது." அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டூல், வேகம், வெட்டு ஆழம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

படி 7: யாரும் வாய் திறக்காதபோது

மெஸ் நடத்தும் அம்மாக்கள் எவரிடமும் "சாப்பாடு பிடித்திருந்ததா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இலையை எடுக்கும்போது பார்ப்பார்கள். பத்து இலையில் பொரியல் மிச்சம் இருந்தால் மறுநாள் அந்தப் பொரியல் இருக்காது. டீக்கடையில் கிளாஸின் அடியில் நிற்கும் மிச்சமும் அப்படித்தான் பேசும்.

துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் "சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்ற வாக்கியத்தைத் தினமும் கேட்பீர்கள். அந்தக் குடும்பம் திரும்பி வராது என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அது எந்த இடத்தில் வந்தது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகா? நீங்கள் விரித்த ஏழாவது புடவைக்குப் பிறகா? அவர்கள் கேட்ட நிறத்தைக் காட்டாமல் நீங்கள் விற்க நினைத்ததைக் காட்டிய பிறகா? என்னிடம் பேசிய ஒரு தங்கை அப்படிக் குறித்துப் பார்த்து, பெரும்பாலும் அந்த மூன்றாவது இடத்தில்தான் என்று கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் எவரும் அவரிடம் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை.

படி 8: நீங்கள் சொல்ல வேண்டி வரும்போது

ஆறு மாதத்தில் உங்களுக்குப் பிறகு ஒருவர் சேர்வார். அப்போது நினைவில் வைத்துக்கொள்ள ஓர் ஆய்வு. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு முன் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளை அலசினார்கள். சராசரியில் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஒப்பீடுகளில் வேலையைக் கெடுத்திருந்தது. கேட்பவரின் கவனம் செய்யும் வேலையை விட்டு விலகி, "நான் எப்படிப்பட்டவன்" என்பதன் மேல் திரும்பினால் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீ கவனமே இல்லாதவன்" என்பதற்கும் "மூன்றாவது துளை ஒரு நூல் தள்ளியிருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரம் இதுதான். முதலாவதைக் கேட்டவன் வீட்டுக்குப் போய் அழலாம் அல்லது உங்களை வெறுக்கலாம். துளையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. பாராட்டும் அப்படியே. "நீ கெட்டிக்காரி" என்று நிறுத்தாமல், "அந்த அம்மாவிடம் முதலில் பட்ஜெட்டைக் கேட்டாயே, அது நன்றாக இருந்தது" என்றால் நாளையும் கேட்பார். குறையைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.

மேலே இருப்பவருக்குச் சொல்வதுதான் கடினம். தனியொருவர் குரல் மேலே ஏறாத இடங்கள் உண்டு என்பதை இந்தப் பகுதிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பக்கிங்காம், கர்நாடிக் நெசவாலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள், பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் முன்னின்றார். நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அதைச் சொல்கிறார்கள். சம்பளம், பாதுகாப்பு, அவமதிப்பு போன்ற விஷயங்களுக்குப் பின்னூட்டம் என்ற பெயரைச் சூட்டி நீங்கள் ஒருவராகப் போய் நிற்காதீர்கள். அவற்றுக்கு வழி வேறு.

அன்றாட வேலையைப் பற்றியதாக இருந்தால் அளந்துகொண்டு போங்கள். எங்கள் பட்டறையில் டூலை நகர்த்தும் திருகில் ஆட்டம் இருந்தது. "மேஸ்திரி, இந்த மெஷின் சரியில்லை" என்றேன். "உன் கை சரியில்லை" என்றார். பன்னிரண்டு ஷாஃப்டுகளுக்குப் பிறகு அவர் வேறு எப்படிச் சொல்வார்? இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன்: "திசை மாற்றும்போது கைப்பிடி டயலில் எட்டுக் கோடு சும்மா சுற்றுகிறது மேஸ்திரி, டூல் அசையவில்லை." பேசாமல் எழுந்து வந்து தானே திருப்பிப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "ஆயுத பூஜைக்குக் கழற்றுவோம்" என்றார். ஆயுத பூஜைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதுவரை, கைப்பிடியை அரைச் சுற்று பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னே கொண்டுவந்து கோட்டில் நிறுத்தினால் ஆட்டம் அளவில் ஏறாது என்பதை அங்கேயே நின்று எனக்குச் செய்து காட்டினார்.